இருபத்தேழாவது கட்டம்

ஐசடோர் வெல்மன் எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் சோறு போட்டவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பிராட்வே நாடகங்களுக்கு அவர் பாட்டும் மெட்டும் எழுதிக் குவித்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை. அவர் செத்துப்போன அன்று நியூவர்க்கில் ஒரு ஹோட்டலில் அவருடைய பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், கப்பல், கிளப், ஒருமுறை ஒசாகாவில் ஒரு துணிக்கடைத் திறப்புவிழா என்று ஆளுயரப் பாஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் மூன்று பாட்டுக்கு ஒரு பாட்டு அவருடையதாக இருக்கும். என் மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியது அவர் புண்ணியம். என் மனைவி கேட்ட ஜன்னல் வைத்த சமையலறையும் அவர் புண்ணியம். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே கன்னம் வைத்தவன் நான். அதை அறுபத்து நான்கு வயது வரை யாரிடமும் சொல்லவில்லை.

1975இல் பாஸ்டனில் இசை படித்துக்கொண்டிருந்தேன். அன்று எங்கள் ஆட்களில் பாட்டுத்தாளைக் கடையில் வாங்குகிறவன் கிடையாது. எவனாவது ஒருவன் இசைத்தட்டைக் கேட்டு மெட்டை ஒரே பக்கத்தில் எழுதுவான். பியானோக்காரர் எந்தெந்தச் சுரங்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்பதைக் காட்ட, மெட்டுக்கு மேலே கார்டின் பெயரைக் குறிப்பான். அதை நகலெடுத்துச் சுருள்கம்பி போட்டுக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்பார்கள். யாருடைய அனுமதியும் கிடையாது, எழுதினவன் பெயரும் இருக்காது. ஆனாலும் அந்தத் திருட்டுப் புத்தகம் இல்லாத வாத்தியக்காரன் வீடு நாட்டிலேயே கிடையாது. அதில் ஒரு பச்சை அட்டைப் பதிப்பை ஒரு நிலவறையில் உட்கார்ந்து நாங்கள் ஏழு பேர் எழுதினோம். கூலி, ஒரு பாட்டுக்கு ஒரு துண்டு பீட்சா.

எனக்கு வந்தது வெல்மனுடைய ‘வாசலில் ஒரு நிமிஷம்’. அவர் பாட்டுகளிலேயே அப்போது செத்துக் கிடந்த பாட்டு அது. நாடகம் பத்தொன்பது நாளில் மூட்டை கட்டிவிட்டது. ஐம்பதுகளில் ஒரே ஒரு பாடகி மட்டும் அதைப் பதிவு செய்திருந்தாள். எங்களிடம் இருந்த தட்டில் கடைசி வரியில் ஒரு கீறல். நான்கு தட்டுக்கு ஒரு கட்டம் என்று முப்பத்திரண்டு கட்டம் உள்ள பாட்டில் இருபத்தாறாவது கட்டம் முடிந்ததும் ஊசி துள்ளி நேராக இருபத்தெட்டில் போய் உட்காரும்.

நூலகத்தில் அச்சுத்தாள் இருந்தது. நான்கு தெருதான். ஆனால் மழை பெய்தது, பீட்சா வேறு ஆறிக்கொண்டிருந்தது. முதல் வரியின் மெட்டே கடைசி வரியிலும் திரும்புவதால் மெட்டை அங்கிருந்து எடுத்துவிட்டேன். கார்டையும் அங்கிருந்தே எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லாத வயது. ஒரு மேதை கடைசி வரியிலும் அதே சாதாரணக் கார்டையா போட்டிருப்பார் என்று நினைத்தேன். அரைச் சுரம் கீழே சரியும் இருண்ட கார்டு ஒன்றை நானாகவே எழுதினேன். பாஸ்காரன் விரலுக்கு அது நல்ல சுகம், தானாக வழுக்கும். எழுதிவிட்டு பீட்சாவைத் தின்றேன்.

அந்தப் பாட்டு பிழைத்துக்கொண்டது. பச்சை அட்டையைப் பார்த்து எல்லோரும் வாசித்தார்கள். அந்த இருண்ட இடத்துக்காகவே மெதுவாக, இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்கள். பாடகிகள் அந்த இடத்தில் குரல் உடைந்து பாடினார்கள். காதல் முறிந்தவர்களின் பாட்டு என்று அதற்குப் பெயர் வந்தது. நானும் ஆயிரம் தடவை வாசித்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். வெட்கம் என்பது அப்புறம் வந்தது, அதுவும் ஒரே நாளில் மொத்தமாக வந்தது.

நெரெய்டா குயின்டேரோ எங்கள் பியானோக்காரி. பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பெண், நாற்பது வயது, நாங்கள் வாசிப்பது அவள் பெயரில் உள்ள மூவர் குழுவில். டிரம்ஸ் ஓடெல் கிரீர். அவனும் நானும் முப்பது வருடமாக ஒரே வேனில் சண்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவர்கள். வெல்மனின் பாட்டுகளை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் என்று நெரெய்டா தீர்மானித்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அவருக்கு நன்றி சொல்ல வேறு எந்த வழி எனக்கு இருக்கிறது? நியூயார்க்கின் மாட் ஹேவனில் பழைய பியானோ தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஸ்டுடியோ. இரண்டு நாள். முதல் நாளே ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. ‘வாசலில் ஒரு நிமிஷம்’ மட்டும் இரண்டாம் நாளுக்கு என்று நெரெய்டா ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த நாளைக்கு ஒரு விருந்தாளி வருவார் என்று மட்டும் சொன்னாள்.

விருந்தாளி காலை பதினொரு மணிக்கு வந்தார். ஊதா நிறத் தொப்பி, கைத்தடி, கக்கத்தில் ஓர் அட்டைக் கோப்பு, கையில் ஒரு பை நிறைய ருகலா என்ற யூத இனிப்புப் பலகாரம். வெல்மனின் ஒரே மகள் ஃப்ரீடா, எண்பத்திரண்டு வயது. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று படியேறியே வந்திருந்தார்.

“மூணு மாடி,” என்றார் வந்ததும். “அப்பா நாடகத்தைப் பாக்கக்கூட இவ்வளவு உயரம் ஏறுனதில்ல நான். யாரு டிரம்ஸ்காரர்? நீங்களா? கொஞ்சம் மெதுவா அடிங்க, எனக்கு நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கு.”

“அம்மா, நான் பிரஷ்ஷால தடவுவேன், அவ்வளவுதான்,” என்றான் ஓடெல். “பூனைக்குட்டிகூட எழுந்திரிக்காது.”

“பாஸ்காரர் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறாரு?”

“அவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்மா. நாங்கதான் மூடி வச்சிருக்கோம்.”

நெரெய்டா சிரித்துக்கொண்டே அவரைப் பியானோ பக்கம் உட்கார வைத்தாள். ஃப்ரீடா கோப்பைத் திறந்தார். பழுப்பேறிய இரண்டு தாள்கள். வெல்மன் பென்சிலால் எழுதிய மூலம். முதல் தாளில் யாரும் பார்த்திராத ஒன்று இருந்தது: பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் தொகையறா, பன்னிரண்டு வரி. நாடகம் நியூயார்க்குக்கு வருவதற்கு முன்பே அதை வெட்டிவிட்டார்கள். அச்சிலும் வரவில்லை, எந்தத் தட்டிலும் இல்லை. அதை முதன்முதலாக நாங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் நெரெய்டாவின் ஆசை. அதற்காக அவள் வெஸ்ட் எண்ட் அவென்யூவில் ஃப்ரீடாவின் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு எட்டு மாதம் நடையாய் நடந்திருக்கிறாள். கிழவியின் பூனைக்கு மருந்துகூடக் கொடுத்திருக்கிறாள்.

“தர்றேன்,” என்றார் ஃப்ரீடா. “ஒரே ஒரு நிபந்தனை. பாட்டை அப்பா எழுதினபடி வாசிக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் கெளம்பும்போது அது சரியா வந்திருந்தா இந்தத் தாள் இங்க இருக்கும். இல்லன்னா என்கூட டாக்ஸில ஏறிடும்.”

“எழுதினபடிதானே வாசிப்போம்?” என்றபடி இரண்டாவது தாளைப் பார்த்த நெரெய்டா புருவத்தைச் சுருக்கினாள். விரலால் கட்டங்களை எண்ணினாள். “இருங்க. இருபத்தேழுல இதா இருக்கு? நாங்க வாசிக்கிறது இது இல்லையே.”

“நீங்க மட்டுமா? உலகத்துல ஒருத்தனும் இதை வாசிக்கிறதில்ல.”

நெரெய்டா இரண்டையும் வாசித்துக் காட்டினாள். முதலில் நாங்கள் பழகிய இருட்டு. பிறகு வெல்மன் எழுதியது. முதல் வரியில் வந்த அதே சாதாரண, வெளிச்சமான கார்டு. என் முதுகில் வியர்த்தது.

“அந்த வரியோட வார்த்தை தெரியுமா யாருக்காவது?” என்று கேட்டார் ஃப்ரீடா.

வார்த்தை தெரியாமல் மெதுவான பாட்டை வாசிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் மூத்தவர்கள் எல்லோரும் சொல்வது. நான் இளசுகளைத் திட்டுவதே அதற்காகத்தான். “‘நீ வந்தாய், அது போதும்,’” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அட, பேசிட்டாரு. ஆமாம், அதேதான். இது யாரைப் பத்தினது தெரியுமா? காதலியப் பத்தி இல்ல. நாடகத்துக்காகக் காதல்னு மாத்தினாங்க. எங்க ரோசா அத்தையப் பத்தி.”

அவர் சொன்னது இதுதான். வெல்மன் பன்னிரண்டு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி வந்துவிட்டார். தங்கை ரோசா வியன்னாவிலேயே தங்கி, கல்யாணமும் செய்துகொண்டாள். 1938இல் அங்கே யூதர்களுக்கு நிலைமை கெட்டது. புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கை அமெரிக்கா வரக் காகிதம் வாங்க வெல்மன் மந்திரியிலிருந்து குமாஸ்தா வரை எல்லோர் காலிலும் விழுந்தார். ஏழு மாதம் பதிலே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் மணி அடித்தது. திறந்தால் ரோசா. ஒரு பெட்டி, ஒரு தொப்பி. இரண்டு பேரும் உள்ளே வரவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள். ஃப்ரீடாவுக்கு அப்போது இரண்டு வயது, அம்மாவின் இடுப்பில் இருந்தாராம். அடுத்த வாரம் வெல்மன் அந்தப் பாட்டை எழுதினார்.

“நன்றிப் பாட்டு,” என்றார் ஃப்ரீடா. “கடவுளுக்கோ கப்பல்காரனுக்கோ அந்தக் குமாஸ்தாவுக்கோ, யாருக்குன்னு தெரியல. அதான் அந்த எடத்துல சும்மா, வெளிச்சமா, முதல் வரி மாதிரியே போட்டாரு. அப்பா போனப்புறம் அத்தை ரிவர்டேல்ல முதியோர் இல்லத்துல இருந்தாங்க. அங்க ரேடியோவுல ஒரு நாள் இந்தப் பாட்டு வந்துச்சு, அந்த அழுமூஞ்சிக் கார்டோட. அத்தைக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாற ஆரம்பிச்சிருந்த காலம். என்னைக் கேட்டாங்க, ‘ஏண்டி ஃப்ரீடா, நான் வந்தது அண்ணனுக்குப் பிடிக்கலையா?’”

ஓடெல் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

“ருகலா சாப்பிடுங்க,” என்றார் ஃப்ரீடா. “காஞ்சிடும்.”

அவர் கண்ணாடி அறைக்குள் போய் ஒலிப்பதிவாளர் லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஹெட்ஃபோனை மாட்டினோம். தொகையறாவை நெரெய்டா தனியாக வாசித்தாள். பன்னிரண்டு வரியும் மழை விட்ட தெரு மாதிரி சுத்தமாக இருந்தது. பிறகு ஓடெலின் பிரஷ், பிறகு நான். இருபத்தைந்து, இருபத்தாறு. என் இடது கை தானாக அரைச் சுரம் கீழே வழுக்கியது. மேலே பியானோ வெளிச்சம் போட, கீழே நான் சேற்றைக் கரைத்தேன்.

“நிறுத்துங்க,” என்றது ஹெட்ஃபோனில் ஃப்ரீடாவின் குரல்.

இரண்டாவது டேக்கில் நெரெய்டாவே பழக்கத்தில் வழுக்கினாள். தன்னைத் தானே ஸ்பானிஷ் மொழியில் திட்டிக்கொண்டாள். மூன்றாவதில் அவள் சரியாக வாசித்தாள், நான் வழுக்கினேன். நான்காவதிலும் நான்தான். என் பாட்டுத்தாளில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன், விரல்மேல் டேப் ஒட்டினேன். சின்னக் குழந்தைக்குக்கூட வரும் ஒரு சாதாரணச் சுரம். ஐந்தாவது டேக்கில் இருபத்தாறு வரை வந்தது, பிறகு பயத்தில் ஒரு கட்டம் முன்னாலேயே தடுக்கி விழுந்தேன். மணி மூன்றரை.

ஓடெல் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“டேய் கிழவா, என்னடா ஆச்சு உனக்கு? போன மாசம் அந்தக் கல்யாணத்துல குடிச்சிட்டு நின்னப்பகூட ஒரு சுரம் தப்பல. இப்ப ஒத்த சுரம் வரலையா?”

“கைப் பழக்கம்டா.”

“பழக்கம்னா எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா நான் தப்பாப் பிடிச்ச குச்சிய அந்தப் பாட்டி கேட்டா இப்பவே மாத்திக்குவேன். நீ மூஞ்சில எதையோ மறைக்கிற. டாக்டர்கிட்டப் போனியா? ரிசல்ட் ஏதாவது வந்திருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப என்ன எழவுடா?”

சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. அத்தையின் மனத்தைக் கலக்கினவன் இந்த அறைக்குள்ளேயே இருக்கிறான் என்றால் கிழவி அந்த நொடியே கோப்பை மூடிவிடுவார். எட்டு மாதம் நடந்தவள் நெரெய்டா. சொல்லாமல் இருந்தால் கை வழுக்கிக்கொண்டே இருக்கும், அப்போதும் ஐந்து மணிக்குக் கோப்பு டாக்ஸி ஏறிவிடும். இரண்டு பக்கமும் இடி. எனக்குப் பதில் வேறு பாஸ்காரனைக் கூப்பிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கோழைத்தனம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள், படிக்கட்டில் இரண்டு நிமிடத்தில் எனக்கு மூன்று பேரின் பெயர் ஞாபகம் வந்துவிட்டது.

உள்ளே வந்ததும் ஆறாவது டேக். இருபத்தேழு. வழுக்கினேன்.

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. ஃப்ரீடா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். என் மார்பு உயரம்தான் இருந்தார்.

“மிஸ்டர் ப்ரிகம், எங்க அப்பா மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவமா? அம்மா, நான் சாப்பிட்டதே அவரால.”

“அப்புறம்?”

ஓடெல் பார்த்துக்கொண்டிருந்தான். நெரெய்டா பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸைக் கீழே படுக்க வைத்தேன். கை சும்மா இருந்தால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

“அந்தக் கார்டை எழுதினது நான்தாம்மா.”

“எந்தக் கார்டை?”

“அழுமூஞ்சிக் கார்டை.”

எல்லாவற்றையும் சொன்னேன். நிலவறை, கீறல், நூலகம், மழை, பச்சை அட்டை. எதையும் பூசி மெழுகவில்லை. வெல்மன் இவ்வளவு சாதாரணமாகவா போடுவார் என்று நினைத்த திமிரையும் சொன்னேன். “உங்க அத்தை உங்ககிட்ட அப்படிக் கேட்டதுக்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. தாளை எடுத்துட்டுப் போறதா இருந்தா என்னைத் திட்டிட்டுப் போங்க, இந்தப் பொண்ணைத் தண்டிக்காதீங்க. நான் இப்பவே பாஸைத் தூக்கிட்டுக் கெளம்பிடறேன். வேற ஆளை வரச் சொல்லிக்கட்டும்.”

ஓடெல்தான் முதலில் வாயைத் திறந்தான். “முப்பது வருஷம் ஒரே வேன்ல வந்தியேடா பாவி! எங்கிட்டகூடச் சொல்லல!”

“நீங்க சும்மா இருங்க,” என்றார் ஃப்ரீடா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கூலி என்ன குடுத்தாங்க?”

“என்னம்மா?”

“அந்தப் பாட்டை எழுதினதுக்கு. சும்மாவா எழுதினீங்க?”

“ஒரு துண்டு பீட்சா.”

“மேல என்ன போட்டிருந்துச்சு?”

“வெறும் சீஸ். ஒரு ஆலிவ் இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.”

“ஒரு ஆலிவ்!” அவர் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை.

“இங்க வாங்க, உட்காருங்க. உங்களை என்ன பண்றதுன்னு எனக்கு உண்மையாவே தெரியல. அப்பா சாகும்போது அவரோட பெரிய பாட்டுங்க உரிமை எல்லாத்தையும் கம்பெனிங்களுக்கு வித்து முடிச்சிருந்தாரு. ஓடாத நாடகத்துப் பாட்டுங்கதான் எங்க கையில மிச்சம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் எந்திரிச்சு நடந்துச்சு. எப்படின்னு எனக்குப் புரியல. எல்லாரும் அதையே ரெக்கார்டு பண்ணினாங்க. அத்தையோட இல்லத்துக்கு ஒம்போது வருஷம் கட்டினது அந்தப் பாட்டுக்கு வந்த பணம். ஜன்னல் வச்ச அறை, ஆத்தைப் பாத்த மாதிரி. கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டாங்க.” கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். “உங்க திருட்டுப் புத்தகம் இல்லன்னா அந்தப் பாட்டு செத்தே போயிருக்கும். அந்த ஜன்னலையும் குடுத்தது நீங்கதான். அதுல உட்கார்ந்து அத்தை என்னைக் கேட்ட கேள்விக்கும் காரணம் நீங்கதான்.”

“அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கம்மா?” என்று கேட்டாள் நெரெய்டா மெதுவாக.

“பியானோவுல வாசிச்சுக் காட்டினேன். இல்லத்துல ஒரு ஓட்டைப் பியானோ இருந்துச்சு. நான் அப்பா மாதிரி வாசிக்க மாட்டேன், ஆனா அந்த ஒரு எடம் தெரியும். ‘இப்படித்தான் அத்தை எழுதினாரு, எவனோ ஒரு மடையன் மாத்திட்டான்’னு சொன்னேன். ‘அப்ப சரி’ன்னாங்க. மறுநாள் மறந்துட்டு மறுபடி கேட்டாங்க. மறுபடி வாசிச்சேன். தினம் ஒரு தடவை வாசிச்சேன் மிஸ்டர் ப்ரிகம், ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷம் நான் அப்பா பாட்டைத் தொட்ட மாதிரி என் வாழ்க்கையில எப்பவும் தொட்டதில்ல.”

அவர் எழுந்தார். கைத்தடியின் நுனியால் தரையில் கிடந்த பாஸைக் காட்டினார்.

“மடையனைப் பாத்துட்டேன். இப்ப அதைத் தூக்குங்க. மணி நாலேகால்.”

பாஸைத் தூக்கினேன். நெஞ்சு லேசாக இருந்தது. நாற்பத்து மூன்று வருடம் முதுகில் இருந்த மூட்டையை இறக்கியாகிவிட்டதே. லின் கையைக் காட்டினாள். ஃப்ரீடா இந்தத் தடவை கண்ணாடி அறைக்குள் போகவில்லை. கதவருகில் சுவரில் சாய்ந்து, தொப்பியோடு நின்றார். மூச்சுச் சத்தம் மைக்கில் விழும் என்று லின் சொல்லிப் பார்த்தாள். “விழட்டும்” என்றார்.

தொகையறா முடிந்தது. பாட்டு தொடங்கியது. முதல் வரியின் மூன்றாவது கட்டத்தில் அந்தச் சாதாரணக் கார்டு வந்தது, எனக்கு அங்கே ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டாம் வரி, நடு வரி. ஓடெல் என்னைப் பார்க்காமலே என்னோடு வந்தான், அது அவனால்தான் முடியும். இருபத்தைந்து. இருபத்தாறு. விரல் கீழே வழுக்கத் தயாரானது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெல்மன் அந்த இடத்தில் என்ன போட்டார் என்பதை நான் வாழ்க்கையில் ஒருமுறைகூட இந்தப் பாட்டுக்குள் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அன்று ஊசி தாண்டியது. அதற்கப்புறம் நானே தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

இடது கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இருபத்தேழாவது கட்டத்தில் பாஸ் இல்லை. நெரெய்டாவின் இரண்டு கையும் அந்த வெளிச்சமான கார்டை மட்டும் வைத்தன, அடியில் ஓடெலின் பிரஷ். அவ்வளவுதான். கதவருகில் ஊதாத் தொப்பியோடு ஒருத்தி நின்றிருந்தாள். நான்கு தட்டு நேரம். அதற்குள் எத்தனை சொல்ல முடியும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் வெல்மன் சொல்லியிருந்தார். இருபத்தெட்டில் நான் மறுபடி சேர்ந்துகொண்டேன். கண் தெரியவில்லை, விரல் அதன் வழியில் போனது.

கடைசிச் சிம்பல் ஓயும்வரை யாரும் அசையவில்லை. லின் விளக்கைப் பச்சையாக்கினாள்.

“அந்த எடத்துல பாஸைக் காணோமே?” என்றார் ஃப்ரீடா.

“ஆமாம்மா. கேட்டுக்கிட்டிருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். நெரெய்டா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு டேக் எடுத்து பாஸையும் சேர்த்துவிடலாமா என்று லின் கேட்டாள். “வேணாம், அந்த எடத்தைத் தொடாதீங்க” என்ற ஃப்ரீடா, இரண்டு தாளையும் பியானோமேலேயே விட்டுவிட்டுக் காலிக் கோப்பை மட்டும் மூடினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி யாரிடமோ இந்த விலாசத்தைச் சத்தமாகச் சொன்னார். டாக்ஸி என்று நினைத்தேன்.

இருபது நிமிடத்தில் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவர் கையில் ஒரு பீட்சாப் பெட்டி இருந்தது. ஃப்ரீடா அதைப் பியானோ ஸ்டூலில் வைத்துத் திறந்தார். வெறும் சீஸ். ஒரு காகிதத் தட்டில் ஒரே ஒரு துண்டை எடுத்து வைத்தார். தனியாகக் கேட்டு வாங்கியிருந்த சின்ன டப்பாவிலிருந்து ஓர் ஆலிவை எடுத்து அதன்மேல் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை என் கையில் கொடுத்தார்.

“அன்னிக்கு வாங்கினது நீங்க எழுதினதுக்கு,” என்றார். “இது எங்க அப்பா எழுதினதுக்கு. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது.”

சூடாக இருந்தது. நின்றுகொண்டே கடைசிக் கடி வரை தின்றேன்.